பதினெட்டாம் நோன்புக் கஞ்சி

கரிசல்மேடு (பசுவந்தனை வழி)
14.3.2024

அன்புள்ள சமீர் அண்ணனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். தங்கச்சி நுஸைபா எழுதுவது. மூன்றாம் நோன்பும் நல்லபடியாகக் கழிந்தது. வெயில் மண்டையைப் பிளக்கிறது, ஆனாலும் இங்கே ஒருவருக்கும் ஒரு தலைவலிகூட இல்லை. உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது? சைத்தூன் மதினிக்கும் பிள்ளைகளுக்கும் கிருஷ்ணகிரித் தண்ணீர் ஒத்துக்கொண்டதா?

போனில் பேசினால் மூன்றாவது வார்த்தையில் நமக்குள் சண்டை வருகிறது, அதனால் அண்ணனும் தங்கையும் எழுதித்தான் பேச வேண்டும் என்று மதினி போட்ட சட்டத்தை மதித்து எழுதுகிறேன். நீங்கள்தான் மதிப்பதில்லை. பொங்கலுக்குப் பிறகு உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை.

நம் மகளிர் அறக்கட்டளை ஆம்புலன்ஸுக்குப் புது டயர் போட்டாகிவிட்டது. போன வாரம் புதூர்ப் பக்கம் ஆடு மேய்க்கிற ஒரு பெண்ணைப் பிரசவத்துக்குக் கோவில்பட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தோம். பெண் குழந்தை. குழந்தைக்கு நுஸைபா என்ற என் பெயரை வைக்கப்போகிறோம் என்று அவர்கள் சொன்னபோது, மாரியம்மன் பெயரை வையுங்கள், வாயில் நுழையும் என்று சொல்லிவிட்டு வந்தேன். ஆனாலும் வண்டியில் ஏறியதும் அழுகை வந்துவிட்டது. நான் செயலாளராகி நான்கு வருஷத்தில் எனக்குக் கிடைத்த சம்பளம் அதுதான்.

நோன்புக் கஞ்சி எப்போதும்போல நம் அறக்கட்டளை அடுப்பில்தான் காய்கிறது. நீங்கள் ஊரைவிட்டுப் போய்ப் பத்து வருஷமானாலும் முறை மாறவில்லை. ஒவ்வொரு நாளும் ஒருவர் உபயம். அவர் பெயரையும் அவர் வேண்டுகிற நாட்டத்தையும் அஸர் தொழுகைக்குப் பிறகு, பாங்கு சொல்லும் மோதினார் குலாம் ரசூல் மைக்கில் சொல்லி, எல்லோரையும் அல்லாவிடம் துஆ கேட்கச் சொல்வார். மகள் கல்யாணம், மாட்டுக்கு நோய், கிணற்றில் தண்ணீர் என்று ஊர்க் கஷ்டமெல்லாம் அந்த மைக்கில் வந்துவிடும். பதினெட்டாம் நோன்பு வழக்கம்போல தீப்பெட்டி ஆபீஸ் சௌந்தரபாண்டியன் அண்ணாச்சியுடையது. அவர் அப்பா காலத்திலிருந்து அந்த நாள் அவர்கள் வீட்டு நாள். அண்ணாச்சி இந்த முறை எம்.பி. தேர்தலில் சுயேச்சையாக நிற்கப்போகிறாராம். அவர் மனைவி பேபி அக்கா தலையில் அடித்துக்கொள்கிறார்.

மதினிக்கு என் சலாம். உடனே பதில் எழுதவும்.

உங்கள் தங்கச்சி,
நுஸைபா


கிருஷ்ணகிரி
20.3.2024

தங்கச்சி நுஸைபாவுக்கு,

வ அலைக்கும் ஸலாம். அண்ணன் சமீர். முதுகு இருக்கிற இடத்தில் இருக்கிறது, வலியும் அதோடுதான் இருக்கிறது. மதினியும் பிள்ளைகளும் சுகம். உன் மாமியாருடைய கண் ஆபரேசன் என்ன ஆயிற்று என்று நீ எழுதவே இல்லை.

பதில் எழுதாததற்குக் காரணம் கேட்பாய். இரண்டு மாதமாகத் தேர்தல் ஏற்பாட்டு வேலை, தேர்தல் அறிவித்ததும் என்னைப் பறக்கும் படைக்குத் தலைவனாகப் போட்டுவிட்டார்கள். துணை வட்டாட்சியராகிப் பதினோரு மாதத்தில் இந்தப் பொறுப்பு வருவது பெரிய விஷயம். ஒரு ஜீப், இரண்டு போலீஸ்காரர்கள், ஒரு வீடியோகிராபர். ஜீப்பின் முன்கண்ணாடியில் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரை உன் மருமகள் போட்டோ எடுத்துப் பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் காட்டிவிட்டாள். நானும் வேண்டாம் என்று சொல்லவில்லை. பெருமையாகத்தான் இருந்தது.

நேற்று ஒரு கோயில் கொடை விழா. ஆர்ச்சில் அம்மன் படத்துக்குப் பக்கத்தில் வேட்பாளர் படம். கழற்றச் சொன்னேன். கமிட்டிக்காரர் ஒருவர், "சார், துலுக்கராச்சே, அதான் எங்க சாமி கண்ணை உறுத்துது" என்றார். கழற்றி முடிக்கிற வரைக்கும் நான் அங்கேயே நின்றேன். மத்தியானம் ஒரு சர்ச்சில் ஜெபக்கூட்ட நோட்டீஸில் வேட்பாளர் பெயர் இருந்தது. அதையும் நிறுத்தினேன். இரண்டின் மேலும் ஒரே பிரிவில்தான் வழக்கு. சாயங்காலம் அதே கமிட்டிக்காரர் வந்து டீ குடிக்கக் கூப்பிட்டார். நோன்பு என்றேன். நோன்பு திறக்கிற வரைக்கும் உட்கார்ந்திருந்து வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார்.

சௌந்தரபாண்டியன் அண்ணாச்சி டெபாசிட்டைக் காப்பாற்றட்டும். ஜீப் ஹாரன் அடிக்கிறது.

அன்புடன்,
சமீர்


கரிசல்மேடு
2.4.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உடம்புக்கு ஒன்றுமில்லை, மாமியாருக்குக் கண்ணில் சொட்டு மருந்து ஓடுகிறது. உங்கள் சுகம் மதினி மூலம் அறிந்தேன். இதை ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புகிறேன். நல்ல செய்தி இல்லை.

வெள்ளிக்கிழமை அண்ணாச்சியுடைய கஞ்சி. பள்ளிவாசலில் ஏகக் கூட்டம். அஸருக்குப் பிறகு மோதினார் மைக்கில் சொல்லிவிட்டார். "இன்னைக்குக் கஞ்சி சௌந்தரபாண்டியன் அண்ணாச்சி உபயம். அவிய தேர்தல்ல நிக்காவ, ஜெயிக்கணும்னு எல்லாரும் துஆ செய்யுங்க." எங்கள் யாருக்கும் அது தப்பாகவே படவில்லை. பெண்கள் பக்கத்திலிருந்து நானும்தான் ஆமீன் சொன்னேன். ரோட்டில் நின்ற யாரோ அதை போனில் பிடித்துத் தேர்தல் ஆட்களுக்கு அனுப்பிவிட்டார்கள்.

நேற்று தாலுகா ஆபீஸிலிருந்து நோட்டீஸ் வந்தது. வழிபாட்டுத் தலத்தைத் தேர்தல் பிரசாரத்துக்குப் பயன்படுத்தியது ஒன்று. அறக்கட்டளை ஒரு வேட்பாளருக்கு ஆதரவாக நடந்தது இன்னொன்று. கஞ்சி நம் அடுப்பில் காய்ந்தது அல்லவா? பதினாறாம் தேதி விசாரணை. பதில் சரியில்லை என்றால் அறக்கட்டளைப் பதிவை ரத்து செய்யப் பரிந்துரை செய்வார்களாம். பதிவு போனால் வரி விலக்கு போகும், கொடுக்கிறவர்கள் நின்றுவிடுவார்கள், ஆம்புலன்ஸ் ஷெட்டில்தான் நிற்கும். புதூருக்கும் நமக்கும் நடுவில் வேறு வண்டி ஏது?

அண்ணே, அங்கே விசாரிக்கிற அதிகாரி அம்மா உங்களோடு ஒன்றாகப் பயிற்சி எடுத்தவர் என்று அஃப்ஜல் மாமா விசாரித்துச் சொன்னார். நான் இதுவரை உங்களிடம் எதுவும் கேட்டதில்லை. ஒரே ஒரு வார்த்தை அவரிடம் சொல்லுங்கள். தெரியாமல் நடந்தது, விட்டுவிடுங்கள் என்று ஒரு வார்த்தை. அவ்வளவு போதும்.

உங்கள் பதிலுக்காகக் காத்திருக்கும்,
நுஸைபா


கிருஷ்ணகிரி
9.4.2024

தங்கச்சி நுஸைபாவுக்கு,

வ அலைக்கும் ஸலாம். உனக்கும் மச்சானுக்கும் பிள்ளைகளுக்கும் பெருநாள் வாழ்த்து. இது கையில் கிடைக்கும்போது பெருநாள் முடிந்திருக்கும், பரவாயில்லை. எல்லோரும் சுகம். மாமியாருக்குச் சொட்டு மருந்தை விடாமல் போடு.

எனக்கு இப்போது அலைச்சல் இல்லை. ஆபீஸிலேயே ஒரு நாற்காலி. மற்ற படைகள் அனுப்புகிற வீடியோவைப் பார்த்துக் குறிப்பு எழுதுகிற வேலை. முதுகுக்கு நல்லதுதான். மாலை வீட்டில் நோன்பு திறக்க முடிகிறது. மதினி நோன்பு திறக்கக் கடற்பாசி இனிப்பு செய்தாள், கெட்டியாக வரவில்லை, நான்தான் கிளறினேன் என்று என் தலையில் போட்டுவிட்டாள். பெரியவன் பரீட்சை எழுதி முடித்துவிட்டான்.

இங்கே மாங்காய் வர ஆரம்பித்துவிட்டது. இந்த வருஷம் பூ குறைவு என்கிறார்கள்.

வேறு விசேஷம் இல்லை.

சமீர்


கரிசல்மேடு
13.4.2024

அண்ணனுக்கு,

ஸலாம். இங்கே எல்லோரும் உயிரோடு இருக்கிறோம்.

உங்கள் கடிதம் கிடைத்தது. நான் எழுதியது ஒன்று, நீங்கள் எழுதியது மாங்காய். கடற்பாசி கெட்டியாக வந்ததா என்றா நான் கேட்டேன்? மதினி சட்டத்தை மீறி பெருநாளன்று நான்கு தடவை போன் செய்தேன். எடுக்கவில்லை. உங்களுக்கு உட்கார்ந்த வேலை கிடைத்துவிட்டது, முதுகு வலிக்கவில்லை. நல்லது. எங்கள் முதுகைப் பற்றி உங்களுக்கு என்ன?

பெருநாள் தொழுகை முடிந்ததும் ஜமாஅத் கூடியது. தலைவர் என்ற முறையில் அஃப்ஜல் மாமா ஒரு பதில் எழுதி வைத்திருந்தார். மோதினார் யாரையும் கேட்காமல் தன்னிஷ்டத்துக்கு மைக்கில் பேசிவிட்டார், அதனால் அவரை வேலையிலிருந்து நீக்கிவிட்டோம், அறக்கட்டளைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. செயலாளர் என்ற முறையில் நான் கையெழுத்துப் போட வேண்டும். "ஏட்டி நுஸைபா, உன் அண்ணன் கைவிட்டுட்டான். இப்ப இதை விட்டா வேற வழி இல்ல. போடு" என்றார். மோதினார் அங்கேயேதான் நின்றார். புதுச் சட்டை போட்டிருந்தார். அறுபத்து மூன்று வயதில் அந்த மனிதர் வேறு எங்கே போவார்?

உங்களிடம் மறைத்த ஒன்றை இப்போது சொல்கிறேன். மோதினார் தானாகச் சொல்லவில்லை. அந்த நாட்டத்தை பேபி அக்கா என்னிடம்தான் சொன்னார். நான்தான் மோதினாரிடம் சொல்லி அனுப்பினேன். கோயில் ஆர்ச்சைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துச் சிரித்துவிட்டு, அதே வாரத்தில் இதைச் செய்தேன். ஆர்ச் என்றால் தப்பு, துஆ என்றால் தப்பில்லை என்று எனக்குள் ஒரு கணக்கு. இது அதிகாரிக்குத் தெரியாது, பேபி அக்காவைத் தவிர ஊரிலும் யாருக்கும் தெரியாது. மோதினாருக்குத் தெரியும். அவர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

யோசித்துச் சொல்கிறேன் என்று மாமாவிடம் சொல்லிவிட்டு வந்தேன். செவ்வாய்க்கிழமை விசாரணை. உங்களிடம் இனி எதுவும் கேட்கவில்லை.

நுஸைபா


கரிசல்மேடு
20.4.2024

அண்ணனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நேற்று ஓட்டுப் போட்டுவிட்டு வந்து, விரலில் மையோடு எழுதுகிறேன். உங்கள் மேல் கோபம் அப்படியேதான் இருக்கிறது. ஆனாலும் நடந்ததை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்? உங்களுக்கும் மதினிக்கும் உடம்பு நன்றாக இருக்கட்டும்.

மாமா எழுதிய பதிலில் நான் கையெழுத்துப் போடவில்லை. ஒரு தாளில் நானே எழுதிக் கைப்பையில் வைத்துக்கொண்டு தாலுகா ஆபீஸுக்குப் போனேன். மாமாவும் மோதினாரும் கூட வந்தார்கள். ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்திருந்தோம்.

நம்மை மட்டும் குறிவைத்துக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்றுதான் ஊரெல்லாம் பேச்சு. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். போய்ப் பார்த்தால் வராந்தா பெஞ்சில் எனக்கு முன்னால் காளியம்மன் கோயில் கமிட்டி முப்பிடாதி அண்ணாச்சி. சாமி சப்பரத்தில் வேட்பாளர் படத்தைக் கட்டியிருக்கிறார்கள். அவருக்கும் பக்கத்தில் ஒரு சர்ச் ஆள். "வாம்மா, நீயுமா? நாங்க எங்களை மட்டும்தான் கூப்பிட்டாவன்னுல்லா நினைச்சோம்" என்றார் முப்பிடாதி அண்ணாச்சி. மூன்று பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவர் கொண்டுவந்த முறுக்கைப் பங்கு வைத்துத் தின்றோம். அண்ணே, ஒன்று சொல்கிறேன். ஒரே பெஞ்சில் எல்லோரையும் உட்கார வைத்ததைப் பார்த்தபோது எனக்கு அவமானமாக இல்லை. நானும் இந்த நாட்டில் ஒரு ஆள் என்று இருந்தது.

அதிகாரி அம்மா சின்ன வயசுதான். என் தாளைப் படித்துவிட்டு, "மோதினார் தானாப் பேசலையா?" என்று கேட்டார். மாமா என் பின்னால் இருமினார்.

"இல்லம்மா. என்ன சொல்லணும்னு சொல்லி அனுப்புனது நான். கஞ்சி ஊத்துதவங்க நாட்டத்தை மைக்குல சொல்லுதது எங்க ஊரு வழக்கம். போன வருஷம் இதே வீட்டு அக்காவுக்கு ஆபரேசன். அதுக்கும் இதே மைக்குலதான் கேட்டோம். தேர்தலும் அது மாதிரி ஒரு காரியம்னு நினைச்சுட்டோம். அது தப்புதான்" என்றேன்.

"யாராவது சொல்லிக் கொடுத்து இப்படி எழுதுனீங்களா?"

"சொல்லிக் கொடுத்ததை எழுதலம்மா. அதான் இப்படி இருக்கு."

அவருக்குச் சிரிப்பு வந்ததா என்று தெரியவில்லை. பேனாவை மூடிவைத்துவிட்டுச் சொன்னார். "நீங்க கஞ்சி ஊத்துங்க, ஆம்புலன்ஸ் ஓட்டுங்க, அண்ணாச்சி அரிசி கொடுக்கட்டும். அதுல எங்களுக்கு வேலை இல்ல. ஆனா தொழப்போன ஒருத்தன், அந்த அண்ணாச்சிக்கு ஓட்டுப் போட விருப்பமில்லாதவன், ஆமீன் சொல்லாம எப்படி எந்திரிச்சு வருவான்? அதை யோசிச்சீங்களா?"

யோசிக்கவில்லை என்று சொன்னேன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதைத்தான் யோசித்தேன். அவர் கேட்டது சரி.

வெளியே வந்ததும் மாமா தனியாக ஆட்டோ பிடித்துப் போய்விட்டார். மோதினார் மட்டும் என்னோடு பஸ்ஸுக்கு நின்றார். "நீ சொல்லாம இருந்தாலும் நான் சொல்லியிருக்க மாட்டேன், தாயி" என்றார். எனக்குத் தெரியும் என்றேன். முடிவு பிறகு தபாலில் வருமாம். என்ன வந்தாலும் வரட்டும். யார் துணையும் இல்லாமல் நிமிர்ந்து உட்கார்ந்து உண்மையைச் சொல்லிவிட்டு வந்தேன். அதில் எனக்கு எவ்வளவு பெருமை என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

நுஸைபா


கிருஷ்ணகிரி
12.5.2024

அன்புத் தங்கச்சிக்கு,

வ அலைக்கும் ஸலாம். இங்கே சுகம். உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. நிறையத் தடவை படித்துவிட்டேன். மதினிக்கும் படித்துக் காட்டினேன்.

உனக்குப் பதில் எழுத உட்கார்ந்து பலமுறை எழுந்துவிட்டேன். உங்கள் விசாரணை முடிந்து உத்தரவு வரும்வரை அதைப் பற்றி நான் ஒன்றும் எழுதக்கூடாது. நல்லது என்றும் எழுதக்கூடாது, கெட்டது என்றும் எழுதக்கூடாது. இதை மட்டும் புரிந்துகொள்.

மோதினாரை நான் கேட்டதாகச் சொல். உன் உடம்பைப் பார்த்துக்கொள். தூங்குகிறாயா?

சமீர்


கரிசல்மேடு
12.6.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். மாமியார் இப்போது தானே ஊசி கோக்கிற அளவுக்குத் தேறிவிட்டார். உங்கள் எல்லோருடைய சுகத்துக்கும் எழுதுங்கள்.

உத்தரவு வந்துவிட்டது. எச்சரிக்கை. இனி ஒரு தடவை நடந்தால் பதிவை ரத்து செய்யப் பரிந்துரைப்போம் என்று எழுதியிருக்கிறார்கள். பதிவு பிழைத்தது. காளியம்மன் கோயிலுக்கும் அதே எச்சரிக்கை, அதே வாசகம். முப்பிடாதி அண்ணாச்சி தன் உத்தரவைக் கொண்டுவந்து என்னுடையதோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

சௌந்தரபாண்டியன் அண்ணாச்சி டெபாசிட்டைப் பறிகொடுத்தார். முடிவு வந்த மறுநாளே வீட்டுக்கு வந்தார். "என்னால உங்களுக்கு எம்புட்டு இம்சை. அடுத்த வருசமும் என் நாளு என் நாளுதாம்மா. நாட்டத்தை மட்டும் இனிமே நான் மனசுக்குள்ளயே வச்சுக்கிடுதேன்" என்றார். மோதினார் வேலையில் இருக்கிறார். தேர்தல் காலத்தில் மைக்கில் பாங்கும் யாராவது இறந்த மௌத்துச் செய்தியும் தவிர வேறு எதுவும் கிடையாது என்று ஜமாஅத்தில் தீர்மானம் போட்டோம். தீர்மானத்தை நான்தான் எழுதினேன்.

இங்கே நிறுத்தியிருந்தால் சந்தோஷமான கடிதம். யாரோ மாவட்டத்துக்கு மொட்டைக் கடுதாசி போட்டிருக்கிறார்கள். செயலாளருடைய அண்ணன் வருவாய்த்துறை அதிகாரி, அவர் சிபாரிசில்தான் வெறும் எச்சரிக்கையோடு விட்டார்கள் என்று. டீக்கடையிலும் இதே பேச்சு. அந்த அதிகாரி அம்மா மேல் விசாரணை வரப்போகிறதாம். உங்கள் மேலும் வருமாம். நீங்கள் ஒரு விரலைக்கூட அசைக்கவில்லை என்று எனக்கல்லவா தெரியும்? ஆனால் நான் உங்களிடம் கேட்டு எழுதியிருக்கிறேனே. அது வெளியே வந்தால், நீங்கள் செய்யவில்லை என்று யார் நம்புவார்கள்? என்னைக் கூப்பிட்டால், கேட்கவே இல்லை என்று சொல்லிவிடு என்கிறார் அஃப்ஜல் மாமா. உங்களுக்காக அப்படிச் சொல்லட்டுமா?

பயத்தோடு,
நுஸைபா


கிருஷ்ணகிரி
22.6.2024

அன்புத் தங்கச்சி நுஸைபாவுக்கு,

வ அலைக்கும் ஸலாம். எல்லோரும் சுகம், மழை இரண்டு நாள் பெய்தது. அங்கே கரிசலில் ஈரம் பட்டதா?

உன்னைக் கூப்பிடுவார்கள். நடந்ததை நடந்தபடியே சொல். எனக்காக ஒன்றையும் கூட்டாதே, குறைக்காதே. எனக்கு என்ன ஆகும் என்று யோசிக்காதே.

அந்த அதிகாரியோடு நான் பயிற்சியில் ஒரே வகுப்பில் இருந்தேன். மிகவும் நேர்மையான பெண். அவருக்கு உன்னால் ஒரு கெட்ட பெயர் வரக்கூடாது. அவ்வளவுதான் என் கவலை.

அன்புடன்,
சமீர்


கரிசல்மேடு
9.7.2024

என் அன்பான அண்ணனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாதுஹு. இங்கே ஈரம் பட்டுவிட்டது, உழவு ஆரம்பித்துவிட்டார்கள். மதினிக்குத் தனியாக ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன், இவ்வளவு நாள் என்னிடம் ஒன்றும் சொல்லாமல் இருந்ததற்கு அதில் நன்றாகத் திட்டியிருக்கிறேன்.

நேற்று விசாரணை. மாவட்டத்திலிருந்து பெரிய அதிகாரி ஒருவர் வந்திருந்தார். அதே தாலுகா ஆபீஸ், அதே பெஞ்ச். அன்றைக்கு என்னைக் கேள்வி கேட்ட அம்மா, இந்த முறை என் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. அவருடைய கையில் ஒரு கைக்குட்டை. அதைப் பிழிந்துகொண்டே இருந்தார்.

வாசலில் வைத்து மாமா கடைசியாக ஒரு தடவை சொன்னார். "ஏட்டி, கேக்கலன்னு சொல்லிரு. ஒத்தை வார்த்தைல எல்லாரும் பிழைச்சுக்கிடலாம்."

உள்ளே போனேன். பெரிய அதிகாரி நேராக அதைத்தான் கேட்டார். "உங்க அண்ணன்கிட்ட இந்தக் கேஸுல சிபாரிசு கேட்டீங்களா?"

"கேட்டேன்யா" என்றேன்.

அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "என்ன கேட்டீங்க?"

"ஒரு வார்த்தை சொல்லுங்கன்னு கடுதாசி போட்டேன். அவிய சொல்லலை."

"சொல்லலைன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அவிய எனக்கே பதில் சொல்லலைய்யா. மாங்காயைப் பத்தி எழுதியிருந்தாவ."

அண்ணே, அந்த மனிதர் சிரித்துவிட்டார். பிறகுதான் சொன்னார். "நீங்க கேக்கலைன்னு சொல்லியிருந்தா இந்த விசாரணை வேற மாதிரி போயிருக்கும். உங்க அண்ணன் ஏப்ரல் மாசமே அவரோட கலெக்டர் முன்னாடி போயி நின்னிருக்காரு. என் தங்கச்சி டிரஸ்ட் மேல கேஸ் இருக்கு, அவ எங்கிட்ட சிபாரிசு கேட்டிருக்கா, நான் செய்யப்போறதில்ல, ஆனா இனிமே மத்தவங்க கோயிலையும் சர்ச்சையும் சோதனை போட எனக்கு முகமில்ல, என்னைப் பறக்கும் படையிலிருந்து எடுத்துருங்கன்னு கேட்டிருக்காரு. ஜீப்பை அன்னைக்கே ஒப்படைச்சுட்டாரு."

உட்கார்ந்த வேலை கிடைத்த சந்தோஷம் என்று நான் எழுதினேனே. உங்கள் மகள் போட்டோ எடுத்த ஜீப். பெருமையாக இருந்தது என்று நீங்களே எழுதிய ஜீப். அதைக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்துதான் எனக்குக் கடற்பாசியைப் பற்றி எழுதினீர்கள். நான் நான்கு தடவை போன் செய்தபோது அதை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தீர்களாம், நேற்று ராத்திரி மதினி சொன்னார்.

மொட்டைக் கடுதாசி பொய் என்று எழுதிவிட்டார் பெரிய அதிகாரி. வெளியே வந்ததும் அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். கைக்குட்டை நனைந்திருந்தது.

மாமாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பெருநாளன்று ஊர் கூட்டி உங்களை வைதவர் அல்லவா? பஸ் ஏறியதும் பக்கத்து சீட்டுக்காரரிடம் ஆரம்பித்தார். "என் மருமவன் கிருஷ்ணகிரில பெரிய ஆபீசரு. சொந்தத் தங்கச்சி மேல கேஸு. வாயைத் தொறக்கலையே. ஒரு வார்த்தை சொல்லலையே." பசுவந்தனையில் இறங்கும்வரை இதேதான். இன்று காலையில் கோவில்பட்டியில் தன் இரும்புக் கடைக்கு ஆணி வாங்க வந்தவனைக்கூட விடவில்லையாம். மற்றவர்கள் தங்கள் வீட்டு அதிகாரி செய்துகொடுத்ததைச் சொல்லிப் பெருமை அடிப்பார்கள். நம் ஊர் நீங்கள் செய்யாததைச் சொல்லிப் பெருமை அடிக்கிறது. டீக்கடைப் பேச்சு அதோடு நின்றுவிட்டது.

எனக்கும் பெருமைதான் அண்ணே, நெஞ்சு கொள்ளாத பெருமை. உங்களைப் பற்றியும், கொஞ்சம் என்னைப் பற்றியும். நாம் இருவரும் ஒருவரை ஒருவர் கேட்காமலே ஒரே உண்மையைச் சொல்லியிருக்கிறோம்.

ஆனால் ஒன்று. நாளைக்கு எனக்கு இதைவிடப் பெரிய கஷ்டம் வந்தாலும் முதலில் உங்களிடம்தான் கேட்பேன். நீங்கள் செய்ய மாட்டீர்கள் என்று தெரிந்தே கேட்பேன்.

என்றும் உங்கள் தங்கச்சி,
நுஸைபா